சுவரா, சுற்றுலாவா, வாடகையா? பழைய பேட்டையின் குணத்தைக் காக்க எந்த வழி

வெனிஸ் நகரில் ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் கண்ணாடி ஜன்னலில் 2008இலிருந்து ஒரு எண் மின்னிக்கொண்டிருக்கிறது. பழைய நகரத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இன்றைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு அது. 1951இல் அங்கே ஏறத்தாழ 1,75,000 பேர் இருந்தார்கள். 2022இல் அந்த எண் 50,000க்குக் கீழே இறங்கியது. அடுத்த வருடம், சுற்றுலா வருகிறவர்களுக்காகப் போட்ட படுக்கைகளின் எண்ணிக்கை ஊர்க்காரர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. 1987லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். மாளிகைகளும் பாலங்களும் கால்வாய் ஓரத்துப் படிகளும் அப்படியே நிற்கின்றன. மருந்து வாங்க வரும் பக்கத்து வீட்டுக்காரர்தான் குறைந்துகொண்டே போகிறார்.

பழைய பேட்டை ஒன்றை என்ன செய்வது என்று மாநகராட்சியோ குடியிருப்போர் சங்கமோ முடிவெடுக்க உட்காரும்போது, இந்த ஜன்னலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பேச்சில் வழக்கமாக நான்கு யோசனைகள் வரும். கட்டடங்களைச் சட்டப்படிப் பட்டியலிட்டுப் பாதுகாப்பது ஒன்று. சுற்றுலாவைக் கொண்டுவந்து அந்த வருமானத்தில் பராமரிப்பது இன்னொன்று. அங்கே வாழ்பவர்களும் தொழில் செய்பவர்களும் கட்டக்கூடிய வாடகையில் அங்கேயே இருக்க வழி செய்வது மூன்றாவது. நகரம் என்றால் மாறத்தான் செய்யும், விட்டுவிடுவோம் என்பது நான்காவது. நான்கிலும் நியாயம் உண்டு. ஆனால் பணமும் உழைப்பும் எல்லாவற்றுக்கும் போதாது. எதற்கு அதிகம், எதற்குக் குறைவு என்று முடிவெடுத்தே ஆக வேண்டும்.

முதலில், எது போனால் பேட்டை போய்விடும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. பதில் வரைபடத்தில் கிடைக்காது, தெருமுனையில் நின்றால்தான் கிடைக்கும். விடியலில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு முறை ஒரே முனையில் நின்று பாருங்கள். எந்தக் கடையின் இரும்புக் கதவு முதலில் மேலே ஏறுகிறது? யார் நாற்காலியைத் தூக்கி வாசலில் போடுகிறார்? பழுதுபார்ப்பவரின் வேலைப்பலகை எவ்வளவு தூரம் நடைபாதைக்கு நீள்கிறது? அதில் இடிக்காமல் ஒதுங்கிப் போகிறவர் போகிற போக்கில் என்ன விசாரிக்கிறார்? பள்ளி விட்டதும் பிள்ளைகள் எந்தத் திண்டில் உட்காருகிறார்கள்? அந்தத் திண்டு ஒரு கட்டடத்தின் உறுப்புதான். ஆனால் சாயங்காலம் நாலரை மணிக்கு அங்கே உட்கார்ந்திருக்கும் நான்கு பிள்ளைகளால்தான் அதற்கு அர்த்தம்.

இந்தப் பார்வை புதிதில்லை. பழைய இடங்களைக் காப்பதற்கான நெறிமுறையாக ஆஸ்திரேலியாவில் 1979இல் உருவான பர்ரா சாசனம் ஓர் இடத்தின் மதிப்பைக் கல்லிலும் மரத்திலும் மட்டும் தேடவில்லை. அங்கே நடக்கும் பயன்பாட்டையும், மக்களுக்கு அதனோடு உள்ள உறவையும் சேர்த்தே பார்க்கச் சொல்லும் அளவுக்கு அது பின்னாளில் வளர்ந்தது. 1994இல் ஜப்பானில் எழுதப்பட்ட நாரா ஆவணம், எது அசல் என்பதை ஒவ்வொரு பண்பாடும் தன் கண்ணாலேயே தீர்மானிக்கலாம் என்றது. ஈசே ஆலயம் அந்த நாட்டில்தான் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டப்படும் ஆலயம் அது. மரம் புதியது, தச்சர்களின் கைப்பழக்கம் பழையது. அவர்களைப் பொறுத்தவரை அசல் அந்தக் கையில் இருக்கிறது. பிறகு 2011இல் யுனெஸ்கோ, பழைய நகரப் பகுதிகளைப் பார்க்கும்போது சமூக வழக்கங்களையும் தொழில்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு பரிந்துரையே வெளியிட்டது. எழுத்தில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். நிதி ஒதுக்கும்போது மட்டும் எல்லாம் முகப்புச் சுவருக்கே போய்விடுகிறது.

கட்டடத்தைப் பட்டியலிடுவது

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். இந்த வழியின் பலம் அதுதான். நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த அதிர்ச்சியில் 1965இல் நகரம் தன் அடையாளக் கட்டடங்களைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஊரின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு மேலே கோபுரம் கட்ட அனுமதி மறுக்கப்பட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் நகரத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. உரிமையாளரை வெறுங்கையோடு விடாமல், தன் இடத்தில் கட்ட முடியாத உயரத்தைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமையும் அங்கே இருந்தது. பட்டியலிடும் எந்த ஊருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. தடை மட்டும் போட்டுவிட்டு ஈடு எதுவும் தராவிட்டால், உரிமையாளர் கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். நான்கு மழைக்காலம் போனால் ‘அபாயகரமான கட்டடம்’ என்று அறிவிப்பு வரும். அதோடு கதை முடிந்துவிடும்.

இந்த வழியின் இன்னொரு நன்மை வேகம். நல்ல சட்டம் இருக்கும் ஊரில் ஓர் ஆணையால் இடிப்பை உடனே நிறுத்திவிடலாம். மற்ற எந்த வழியாலும் அது முடியாது. ஆனால் பெயர்ப்பலகையையும் சட்டத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிரெஸ்டன் நகரின் எல்பே பள்ளத்தாக்கு, ஒரு பாலம் கட்டியதால் 2009இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. துறைமுகப் பகுதியில் வந்த புதுக் கட்டுமானங்களால் லிவர்பூல் 2021இல் நீக்கப்பட்டது. பட்டியலில் பெயர் இருந்தது கட்டுமானத்தைத் தடுக்கவில்லை. தடுக்கிற அதிகாரம் உள்ளூர்ச் சட்டத்துக்குத்தான் உண்டு.

இனி இதன் பலவீனம். பாரிஸின் மரே பகுதியை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கும். பதினேழாம் நூற்றாண்டில் பிரபுக்கள் கட்டிய மாளிகைகள் அவை. பிரபுக்கள் போன பிறகு கைவினைஞர்கள் வந்தார்கள். மாளிகை முற்றங்களில் கூரை போட்டுப் பட்டறை வைத்தார்கள். தலைமுறைகளாக அங்கே உலோகம் தட்டப்பட்டது, நகை செய்யப்பட்டது, தோல் தைக்கப்பட்டது. 1962இல் பழைய நகரப் பகுதிகளைக் காக்க மால்ரோ சட்டம் வந்தது. மரே பாதுகாக்கப்பட்ட பகுதியானது. பாதுகாப்புத் திட்டத்தின் முதல் வடிவம் முற்றத்துப் பட்டறைகளைப் பிற்காலத்து ஒட்டுக்கட்டடங்களாகப் பார்த்தது. அவற்றை அகற்றி, மாளிகையை அதன் பழைய அழகுக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. பல முற்றங்கள் அப்படித்தான் துடைக்கப்பட்டன. கல் மீண்டது, சுத்தியல் சத்தம் போனது. விலை ஏறியது, எளியவர்கள் கிளம்பினார்கள். மாளிகைக்கு எந்த வயதில் உயிர் அதிகம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதிக்கும் இதே கதிதான். அங்கே ஹட்சன் தெருவில் குடியிருந்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், 1961இல் எழுதியபோது, நகரத்துக்குப் பழைய கட்டடங்கள் தேவை என்று வாதிட்டார். அவர் சொன்ன காரணம் அழகு இல்லை, வாடகை. புதுக் கட்டடம் கட்டிய கடனை மீட்க வேண்டும், அதனால் வாடகை கூடும். கட்டிய கடன் எப்போதோ அடைபட்ட பழைய கட்டடத்தில்தான் சிறு கடையும் புதிதாகத் தொழில் தொடங்குபவரும் தாக்குப்பிடிக்க முடியும். 1969இல் அந்தப் பகுதி பாதுகாக்கப்பட்டது. கட்டடங்கள் பிழைத்தன. இன்று நியூயார்க்கிலேயே மிக விலை உயர்ந்த பகுதிகளில் அதுவும் ஒன்று. அவர் சொன்ன காரணம் காலியாகி, கட்டடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சுற்றுலா வருமானம்

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கூரை மாற்றவும் தெருவிளக்கு போடவும் பணம் வேண்டும், சுற்றுலா பணம் தரும். அது உண்மை. ஆனால் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். தரைத்தளத்தில் பூட்டு பழுதுபார்ப்பவர் கட்டும் வாடகையைப் போலப் பல மடங்கு நினைவுப்பொருள் கடை கட்டும். மேல்மாடிக் குடித்தனம் மாதம் முழுக்கத் தருவதை, விருந்தினர் ஒரு வாரத்தில் தந்துவிடுவார். உரிமையாளர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை, கணக்குத் தெரிந்தவராக இருந்தால் போதும். சீனாவின் லிஜியாங் பழைய நகரம் 1997இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு நாசி இனத்துப் பூர்வகுடிகள் பலர் தங்கள் வீடுகளை விடுதிக்கும் கடைக்கும் வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே குடியேறினார்கள். 

சுற்றுலாவை ஏற்கத்தான் வேண்டும் என்றால் வரம்பை முதலில் போட்டுவிடுங்கள். பார்சிலோனா 2017இல் நடு நகரத்தில் புதிய விடுதிகளுக்கு அனுமதி இல்லை என்று திட்டம் போட்டது. அதற்குள் நிலைமை முற்றியிருந்தது. வரம்பு போட எளிதான நேரம், கூட்டம் இன்னும் வராத நேரம்தான்.

வாடகையையும் ஆட்களையும் தக்கவைப்பது

என் மனம் சாயும் வழி இது. இதில் சிக்கல் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லப்போனால் அதிகச் சிக்கல் உள்ளதும் இதுதான். அதனால்தான் இதில் நேரம் செலவழிக்க வேண்டும்.

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ் டவுனைப் பாருங்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. தெருவை ஒட்டிக் கடை, மேலே வீடு, கடைக்கு முன்னால் வெயிலும் மழையும் படாத ஐந்தடி நடைவழி. இப்படி வரிசை வரிசையாக இருந்த வீடுகளில் தகரக் கொல்லரும் கூடை முடைபவரும் தலைமுறைகளாகத் தொழில் செய்தார்கள். 1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்ய முடிவானது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. வாடகை எகிறியது, குடித்தனங்கள் வெளியேறின, வரிசை வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. உலகப் பாரம்பரியப் பட்டியல் வந்தது 2008இல். பட்டியல் எட்டு வருடம் பிந்திவிட்டது. வந்த பிறகு கட்டடங்களுக்கு மவுசு கூடியதே தவிர, போனவர்கள் திரும்பவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. முப்பது வருடம் வாடகையை இறுக்கிப் பிடித்திருந்தபோது உரிமையாளர்களுக்குப் பழுதுபார்க்கப் பணமும் வரவில்லை, மனமும் வரவில்லை. மரத்தளம் உளுத்தது, ஓடு சரிந்தது. வாடகையை மட்டும் கட்டிப்போட்டுப் பராமரிப்பை விட்டுவிட்டால் ஆட்கள் இருப்பார்கள், வீடு இருக்காது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே வழி கண்ட ஊர் பொலோனியா. இத்தாலியின் அந்த நகரம் 1973இல் தன் பழைய மையத்துக்கு ஒரு திட்டம் போட்டது. வீட்டைக் காக்க வேண்டும், அந்த வீட்டில் இருக்கும் தொழிலாளிக் குடும்பத்தையும் அதே வீட்டில் காக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தனியார் வீடுகளைக் கையகப்படுத்துவது முதல் யோசனையாக இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டு உரிமையாளரோடு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பழுதுபார்க்க நகரம் உதவும், பதிலுக்கு உரிமையாளர் ஒத்துக்கொண்ட வாடகையிலேயே பழைய குடித்தனத்தைத் தொடர வேண்டும். வேலை நடக்கும் மாதங்களில் குடும்பத்தைத் தங்கவைக்க அதே பகுதியில் இடைக்கால வீடுகளையும் வைத்திருந்தார்கள். இந்தச் சின்ன ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு குடும்பத்தை ஊரின் மறுகோடிக்கு ஆறு மாதம் அனுப்பினால் பிள்ளையின் பள்ளி மாறும், பாட்டியின் மருத்துவர் மாறுவார், அப்புறம் திரும்பி வர ஒரு காரணமும் மிஞ்சாது. இரண்டு தெரு தள்ளித் தங்கவைத்தால் அவர்கள் தினமும் வந்து தங்கள் வீட்டின் சுவர் எழுவதைப் பார்ப்பார்கள். இந்தத் திட்டத்தின் குறை, ஒப்பந்தங்களுக்குக் கால வரம்பு இருந்தது. காலம் முடிந்ததும் சந்தை உள்ளே வந்துவிடும்.

அந்தக் குறைக்கு விடை சமூக நில அறக்கட்டளை. நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம், அதன் மேல் உள்ள வீடு குடும்பத்துக்குச் சொந்தம். வீட்டை விற்கலாம், ஆனால் நில விலை ஏறியதால் வரும் லாபம் முழுவதும் விற்பவருக்குப் போகாது. அமெரிக்காவின் பர்லிங்டன் நகரில் 1984இல் தொடங்கிய அறக்கட்டளையில், மதிப்பு உயர்வில் கால் பங்கு விற்பவருக்கு. மீதி வீட்டிலேயே தங்கி, அடுத்து வாங்குபவருக்கு விலையைக் குறைவாக வைக்கிறது. இதற்குக் கால வரம்பு கிடையாது.

இதன் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் இருக்கிறது. மார்ட்டின் பேன்யா என்ற கால்வாயின் கரையில் எளிய மக்களின் குடியிருப்புகள். கால்வாய் தூர்ந்து நாறிக் கிடந்தது, மழை பெய்தால் அழுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். தூர்வாரும் திட்டம் வந்தபோது அந்த மக்கள் ஒன்றை யோசித்தார்கள். கால்வாய் சுத்தமானால் கரையின் நில விலை ஏறும், முதலில் துரத்தப்படுவது நாமாகத்தான் இருப்போம். அதனால் தூர்வாருவதற்கு முன்பே நிலத்தை அறக்கட்டளைக்குக் கொண்டுவரப் போராடினார்கள். 2004இல் அதற்குச் சட்டம் வந்தது. ஒரு பேட்டையை அழகுபடுத்த நினைக்கும் ஒவ்வொருவரும் இந்த வரிசைமுறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். நடைபாதைக்குக் கல் பதிப்பது பிறகு, ஆட்களின் உரிமையை உறுதி செய்வது முதலில்.

கடைகளுக்கு வேறு கருவிகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோ 2015இல், முப்பது ஆண்டுக்கு மேல் நடக்கும் தொழில்களுக்கு ஒரு பதிவேட்டைத் தொடங்கி, உதவி நிதியும் ஏற்படுத்தியது. அதில் கெட்டிக்காரத்தனமான ஒரு விதி, அந்தக் கடைக்குப் பத்தாண்டு அல்லது அதற்கு மேல் குத்தகை தரும் கட்டட உரிமையாளருக்கும் மானியம் உண்டு என்பது. உரிமையாளரை எதிரியாக்காமல் கூட்டாளியாக்கும் விதி இது. பாரிஸ் வேறு வழியில் போனது. நகரத்துக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் 2004 முதல் தரைத்தளக் கடைகளை வாங்கி, புத்தகக் கடை போன்ற சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டது. செலவு கூடுதல், ஆனால் சாவி நகரத்தின் கையில் இருக்கும்.

ஒலியும் பேட்டையின் குணத்தில் சேர்த்திதான். பழைய இசைக்கூடத்துக்குப் பக்கத்தில் புது அடுக்குமாடி எழுந்து, குடிவந்தவர்கள் சத்தம் என்று புகார் கொடுத்தால் மூடப்படுவது இசைக்கூடம். 2014இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் 2018இல் இங்கிலாந்தும் இதைத் திருப்பிப் போட்டன. பின்னால் வந்து கட்டுபவர்தான் ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு. அரசுக்குச் செலவே இல்லாத விதி. பட்டறைகள் உள்ள தெருக்களுக்கும் இது பொருந்தும்.

சட்டத்தின் பலம் எவ்வளவு என்பதையும் கவனிக்க வேண்டும். பெர்லினில் ஏற்கெனவே குடியிருப்போர் வெளியேறாமல் காக்க அறிவிக்கப்பட்ட பகுதிகளில், விற்பனைக்கு வரும் கட்டடத்தை மாவட்ட நிர்வாகமே முந்திக்கொண்டு வாங்க முடிந்தது. 2021 நவம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் அந்த உரிமையை வெகுவாகச் சுருக்கிவிட்டது. ஒரே கருவியை நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

விட்டுவிடுவது

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனமில்லை. லண்டனில் பிரிக் லேன் தெருவில் ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகனாட்டுகள் என்ற புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் 1743இல் தேவாலயமாகக் கட்டியது. பிறகு மெதடிஸ்டுகளின் ஆலயமானது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் வந்தபோது, 1898இல் யூத ஜெபக்கூடமானது. 1976இலிருந்து வங்காள முஸ்லிம்களின் மசூதி. சுவரின் உச்சியில் 1743ஆம் ஆண்டுச் சூரியக் கடிகாரம் இன்னும் இருக்கிறது. ‘நாம் நிழல்’ என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. 1743இலேயே ஆட்களைப் பூட்டி வைத்திருந்தால் இந்தத் தெருவுக்கு இந்தக் கதை வாய்த்திருக்காது.

சரி, அப்படியானால் மாற்றத்தைத் தடுக்கலாமா? கூடாது. ஆனால் பிரிக் லேனில் ஒவ்வொரு முறையும் வந்தவர்கள் யார் என்று பாருங்கள். கையில் பெரிதாக எதுவும் இல்லாமல் வந்தவர்கள். அவர்கள் காலூன்ற முடிந்ததற்குக் காரணம், அங்கே குறைந்த வாடகையில் அறையும் பட்டறையும் கிடைத்தன. அந்தக் கதவு திறந்திருந்தவரை தெரு தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. சந்தையிடம் விட்டுவிடுவது அந்தக் கதவைத்தான் முதலில் மூடும். ஆகவே இந்த நான்காவது வாதம் முடிவில் என்னை மூன்றாவது வழிக்கே கொண்டுவந்து சேர்க்கிறது. காக்க வேண்டியது இன்னார் என்ற குறிப்பிட்ட கூட்டத்தை மட்டுமில்லை, அடுத்து வரும் எளியவரும் கட்டக்கூடிய வாடகையையும்தான்.

எந்த ஊருக்கு எது

இடிக்கும் இயந்திரம் வாசலில் நிற்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பட்டியலிடுங்கள். தற்காலிக ஆணையாக இருந்தாலும் போதும். ஆனால் அது நேரம் வாங்குவதற்கான வழி என்பதை மறக்காமல், வாங்கிய நேரத்தில் வாடகை வேலையைத் தொடங்குங்கள். முற்றத்துப் பட்டறையையும் வாசல் நீட்சியையும் ஆணையிலேயே பேட்டையின் உறுப்பாகக் குறித்துவிடுங்கள், மரேயில் நடந்தது உங்கள் ஊரில் நடக்காமல் இருக்க.

கட்டடங்கள் உறுதியாக இருக்கின்றன, ஆட்கள்தான் வெளியேறுகிறார்கள் என்றால், புது முகப்புக்கும் அலங்கார விளக்குக்கும் வைத்த பணத்தை அப்படியே குத்தகை மானியத்துக்கு மாற்றலாம். ஏற்கெனவே பாதிப் பேட்டை காலியாகிவிட்டது, விலையும் படுத்துக் கிடக்கிறது என்றால், அறக்கட்டளைக்கு நிலம் வாங்க அதைவிட நல்ல நேரம் வராது. சுற்றுலா அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது என்றால், விருந்தினர் அறைகளுக்கு உச்சவரம்பு முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக வரட்டும்.

எந்த நிலையில் இருந்தாலும் ஒரு வேலையை இந்த வாரமே செய்யலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாகப் போங்கள். எத்தனை வருடமாக இருக்கிறீர்கள், இடம் யாருடையது, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். சிலர் தயங்குவார்கள், இரண்டாம் முறை போனால் சொல்வார்கள். எழுதியதை ஒப்பந்தம் முடியும் தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். முதல் வரியில் இருப்பவருக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால், மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு அந்த இடத்தின் உரிமையாளரைப் பார்க்கக் கிளம்புங்கள்.